கடல் காணாத மீன்

ஐயர் கடைசிப் பாட்டைப் பாடி முடிக்கவும், மிருணாளினியின் கைப்பைக்குள் டெலிபோன் அடிக்கத் தொடங்கவும் சரியாக இருந்தது.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடித்தது அவளுடைய டெலிபோன் இல்லை. முன்னால், பெட்டிக்குள் பட்டு வேட்டியோடு படுத்திருந்த அவளுடைய புருசன் வாமதேவனுடையது. செவ்வாய்க்கிழமை அவர் செத்ததிலிருந்து அவள் அதை நிற்பாட்டவில்லை. இரவில் மறக்காமல் சார்ஜ் போட்டு, பகலில் கைப்பைக்குள் கொண்டு திரிந்தாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது.

"நிப்பாட்டு மிருணா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் கௌரி. அவள் வாமதேவனின் அக்கா. நகரத்துக்கு வெளியே இருக்கிற செவ்ரானிலிருந்து வந்து மூன்று நாளாகச் செத்த வீட்டை முழுக்கத் தன் கையில் எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள்.

மிருணாளினி டெலிபோனை வெளியே எடுத்தாள். திரையில் 'ஏரி' என்று இருந்தது. அவள் எழும்பி, பெட்டியைத் தாண்டி, சனத்தைத் தாண்டி வெளியே போனாள்.

"வாமா!" என்றது ஒரு பெண் குரல், பிரெஞ்சில். "நாளைக்கு வாறாய்தானே? மீன் நல்லா ஆழத்திலை நிக்குது. கனமான ஈயக்குண்டு கொண்டுவா."

மிருணாளினி சுவரோடு சாய்ந்து நின்றாள். வாமதேவன் மீன்பிடிக்கப் போகிற ஏரியில் படகு வைத்திருப்பவள் என்று விளங்கியது. இருபத்திரண்டு வருசமாகக் கந்தோர்களில் மேசையும் தரையும் துடைக்கிறவளுக்கு வேலைக்குத் தேவையான பிரெஞ்சு தெரியும். சாவைச் சொல்லத் தேவையான பிரெஞ்சை இந்த மூன்று நாளில் பழகியிருந்தாள்.

"மதாம் ஆரெலி, நான் வாமாவின்ரை மனுசி. வாமா செத்துப்போனார். இப்பதான் எரிக்கப் போகினம்."

மற்றப் பக்கம், தூரத்தில் ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது. கடைசியில் அந்தக் குரல், "என்ரை படகிலை ரெண்டு இருக்கை," என்றது. "நாளைக்கு மற்ற இருக்கையிலை நான் ஒருத்தரையும் இருத்த மாட்டன்."

அவள் உள்ளே திரும்பி வந்தபோது பெட்டி நகரத் தொடங்கியிருந்தது. மகள் லக்சிகா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திரைச்சீலை மூடியது. அவ்வளவுதான். அறுபத்தொரு வயது மனிதர்.

*

ஏரி என்றால் அன்சி ஏரி. தெற்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒன்பது வருசத்துக்கு முன்னர், லூயி-பிளாங் தெருவில் வாமதேவன் சமைத்த சாப்பாட்டுக் கடையைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். அந்தக் கோடைகாலம் அவர் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்தவள் ஆரெலி. அவளிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. லீவு நாளில் அவரை மீன்பிடிக்கக் கூட்டிப்போனாள். அதற்குப் பிறகு வருசத்தில் நாலைந்து சனிக்கிழமை வாமதேவன் விடியக் காலமை ரயில் ஏறிவிடுவார். இரவு ஐஸ் பெட்டியும் வெயிலில் கறுத்த முகமுமாகத் திரும்பி வருவார்.

கொண்டுவந்த மீனை அவரே வெட்டி, அவரே பொரித்து, அவரே சாப்பிட்டார். மிருணாளினி அதைத் தொட்டும் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீன் என்றால் கடல் மீன். நல்லதண்ணி மீன் மண் மணக்கும், அதைச் சாப்பிட வேறு சாதிச் சனம் உண்டு என்ற மாதிரித்தான் அவள் வீட்டில் கதைப்பார்கள்.

"இது சால்மன் குடும்பம் மிருணா. கடலுக்குப் போகாத சால்மன்," என்று ஒரு முறை வாமதேவன் சொல்லிப் பார்த்தார்.

"கடலுக்குப் போக வக்கில்லாததை நான் ஏன் தின்ன வேணும்?" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மீனில் அவளுக்குக் கோபம் இல்லை. வீட்டில் நாளுக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், அந்த ஏரிக்குப் போக மட்டும் ஏன் அப்படிச் சந்தோசமாக வெளிக்கிடுகிறார்? அங்கே போய் யாரோடு, என்ன கதைக்கிறார்? இந்தக் கேள்வி ஒன்பது வருசமாக அவளுக்குள் கிடந்தது.

*

எரித்துவிட்டு வந்த பின்னேரமே எட்டுச்செலவு பற்றிய கதை தொடங்கிவிட்டது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவருக்குப் படைக்கிற நாள். எட்டு என்று பெயர்தான். இங்கே எல்லோருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் எட்டு.

"நண்டு, கணவாய், ஆட்டிறைச்சி, முட்டைப் பொரியல்," என்று கௌரி விரல் மடித்தாள். "வேறை என்ன அவனுக்குப் பிடிக்கும்?"

"ஏரி மீன்," என்றாள் மிருணாளினி.

"என்ன?"

"அவருக்கு விருப்பமானது அதுதான் மச்சாள்."

"உனக்கென்ன விசரே? நல்லதண்ணி மீனை ஆரும் படைப்பினமே? வாற சனம் என்ன சொல்லும்? அதோடை அதை இஞ்சை எங்கை விக்குது?"

"நாளைக்கு நான் போய்ப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌரி மடித்த விரல்களை விரித்தாள்.

"முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் நீ வாசல் தாண்டக் கூடாது மிருணா. தாலி கழட்டி ரெண்டு நாள் இல்லை. வள்ளத்திலை ஏறி மீன் பிடிக்கப் போறாவாம்! என்ரை தம்பியைப் பாத்து ஊர் சிரிக்க விடாதை."

மூலையில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்த லக்சிகா டெலிபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, அம்மாவைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள்:

"ஆறே முக்காலுக்கு ஒரு ரயில் இருக்கு. ரிக்கெற் எடுத்திட்டன். போங்கோ அம்மா."

மகளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒருவருக்குமே தெரியாது. செவ்வாய்க்கிழமை விடிய வேலைக்கு வெளிக்கிட்ட மிருணாளினி, குசினிக் கதிரையில் வாமதேவன் சுவரில் தலையைச் சாய்த்தபடி இருப்பதைக் கண்டாள். கண் மூடியிருந்தது. முப்பது வருசத்தில் அந்த மனிதர் ஒழுங்காக நித்திரை கொண்டு அவள் கண்டதில்லை. ஷெல் விழுந்த காலத்தில் பழகிய காது, தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் போனாலே எழுப்பிவிடும். டொக்டர் தந்த நித்திரைக் குளிசைகளுக்கும் அது அடங்கவில்லை. ஆகவே அன்றைக்கு அவர் கண் மூடி இருந்ததைக் கண்டதும் அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மனுசன் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் என்று, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார்.

*

டெலிபோனில் சொல்லி வைத்தபடி அன்சி நிலையத்தில் வந்து நின்ற ஆரெலி, மிருணாளினி நினைத்திருந்த மாதிரி இல்லை. அறுபதை நெருங்குகிற பெரிய உடம்புக்காரி. நரைத்த தலைமயிரை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். இரண்டு பேரும் கை கொடுக்கிறதா, கட்டிப் பிடிக்கிறதா என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார்கள். பிறகு ஆரெலி அவளுடைய ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ஏரியைக் கண்டதும் மிருணாளினி நின்றுவிட்டாள். அவள் ஒரு குளத்தை எதிர்பார்த்திருந்தாள். இது நீலமும் பச்சையுமாக, சுற்றிவர மலைகளோடு, முடிவே இல்லாத மாதிரிக் கிடந்தது. எட்டிப் பார்த்தால் அடிக் கல் தெரிந்தது. மூக்கை விரித்து மணந்து பார்த்தாள். ஒரு மணமும் இல்லை.

படகில் ஏறிய உடனே ஆரெலி அவளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டாள். கரையிலிருந்து நல்ல தூரம் போனபின் மோட்டரைக் குறைத்தாள். படகு ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. மரச்சட்டத்தில் சுற்றிய தங்கூசி நூலை ஆரெலி மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் விட்டாள். நுனியில் ஈயக்குண்டு. அதற்கு மேலே இடைவெளி விட்டுவிட்டுச் சின்னக் கரண்டி மாதிரித் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டில். படகு இழுக்க இழுக்க அந்தத் தகடுகள் ஆழத்தில் சுழன்று மினுங்கும். மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்து வரும். ஆரெலி கையால் நீந்திக் காட்டியே இவ்வளவையும் விளங்கப்படுத்தினாள்.

"பிடியுங்கோ," என்று தங்கூசியை மிருணாளினியின் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

"இப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யிறேல்லை. மீன் கடிச்சால் விரலுக்குத் தெரியும்."

கன நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஈயத்தின் பாரமும், தகடுகளின் மெல்லிய துடிப்பும் மட்டும் விரலில் ஓடிக்கொண்டிருந்தன. மிருணாளினி கரையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். ஒன்பது வருசக் கேள்வி தானாக வாய்க்கு வந்தது.

"வாமா இஞ்சை வந்தால் என்ன கதைப்பார்?"

"கதைக்கிறதோ?" ஆரெலி அவளை விளங்காமல் பார்த்தாள். "வாமா நித்திரை."

மிருணாளினிக்குத் தான் பிழையாக விளங்கிக்கொண்டதாகத் தோன்றியது. ஆரெலி ஒரு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக் காட்டினாள்.

"நித்திரை மதாம். தங்கூசியை விரலிலை ஒரு சுத்துச் சுத்திப் போட்டு, அந்த இருக்கையிலை சாய்வார். பிறகென்ன!" அவள் வாயைப் பிளந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எடுத்தாள். "இப்பிடி. மற்றப் படகுக்காரர் என்ரை மோட்டர் பழுதெண்டு நினைச்சு எட்டிப் பாப்பினம். மீன் கடிச்சால் எழும்பி இழுப்பார். பிறகும் நித்திரை. ஒன்பது வருசம் நான் தனியத்தான் படகு ஓட்டினனான்."

"குறட்டையோ? அவரோ?"

"குறட்டையெண்டால் அப்பிடியொரு குறட்டை!"

மிருணாளினி அந்த இருக்கையைப் பார்த்தாள். தான் இருக்கிற இருக்கைதான். வீட்டில் ஒரு நாள் கூட அவர் குறட்டை விட்டு அவள் கேட்டதில்லை. குறட்டை விடுகிற அளவுக்கு அவர் வீட்டில் தூங்கினதே இல்லை.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். தமிழில் சொல்லத் தொடங்கியிருந்தால் எங்கேயோ போய்ச் சுற்றி, சொல்லாமலே விட்டிருப்பாள். அவளிடம் இருந்த பிரெஞ்சில் சுற்றி வளைக்க வழி இல்லை. "செவ்வாய்க்கிழமை காலமை அவர் கதிரையிலை இருந்தவர். கண் மூடியிருந்தது. நான் நித்திரை எண்டு நினைச்சன். எழுப்பேல்லை. வேலைக்குப் போயிட்டன். எழுப்பியிருந்தால்…"

ஆரெலி மோட்டரை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் ஈயம் அடியில் போய்ச் சிக்கிவிடும். படகு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நீதிமன்றத்தில் கேட்கிற மாதிரி அவள் கேட்டாள்.

"குறட்டை விட்டவரோ?"

"இல்லை."

"ஒரு சத்தமும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப அது நித்திரை இல்லை," என்றாள் ஆரெலி. "வாமா நித்திரை எண்டால் உங்கடை கட்டடமே எழும்பியிருக்கும். நீங்கள் பாத்த நேரம் அவர் போயிட்டார், மதாம். எழுப்பியிருந்தாலும் எழும்பியிருக்க மாட்டார்."

வீட்டுக்கு வந்த டொக்டரும் இதைத்தான் சொன்னார். விடியும் முன்னரே உயிர் போயிருக்கும் என்றார். ஆறுதலுக்காக எல்லோருக்கும் சொல்கிறதுதானே என்று அவள் அதை நம்பவில்லை. இப்போது அந்தக் குறட்டையை நம்பினாள். அடுத்த படகுக்காரன் மோட்டர் பழுதென்று எட்டிப் பார்ப்பதை நினைத்தாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள். பொத்திய கையையும் மீறிக்கொண்டு அது வெளியே வந்தது. சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆரெலி மற்றப் பக்கம் திரும்பி, மலையைப் பார்த்தபடி படகை ஓட்டினாள்.

அழுது முடிந்ததும் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் கண் மூடியிருக்கவில்லை. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. தங்கூசி விரலில் மெல்லத் துடித்துக்கொண்டே இருந்தது.

யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. மிருணாளினி திடுக்கிட்டு விழித்தாள். தங்கூசி விறைத்து, விரலை வெட்டிக்கொண்டிருந்தது.

"இழுங்கோ!" என்று ஆரெலி கத்தினாள். "ஆறுதலா! மெல்ல மெல்ல! விட்டு விட்டு இழுங்கோ!"

அவள் எழும்பி நின்று, பிறகு பயந்து இருந்து, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். கீழே ஏதோ ஒன்று தலையை உதறியது. பாரம் ஒரு நேரம் வந்தது, ஒரு நேரம் மாட்டேன் என்றது. கன நேரத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெளிச்சம் திரும்பியது. ஆரெலி வலையைக் கீழே கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினாள். முழங்கை நீளம். முதுகு கரும்பச்சை. வயிறு, அறுத்து வைத்த பப்பாப்பழத்தின் நிறம். செட்டைகளின் ஓரத்தில் யாரோ கோடு கீறின மாதிரி வெள்ளை.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள் மிருணாளினி, தமிழில்.

பின்னேரத்துக்குள் இன்னும் இரண்டு வந்தன. கரைக்கு வந்ததும் ஆரெலி முதல் மீனின் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, முள்ளோடு ஒட்டியிருந்த இரத்தத்தைப் பெருவிரல் நகத்தால் வழித்துக் கழுவினாள். மற்ற இரண்டையும் மிருணாளினி கத்தியை வாங்கித் தானே செய்தாள். உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருந்தது. மணந்து பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான் மணந்தது.

ரயிலடியில் ஆரெலி கேட்டாள், "எப்பிடிச் சமைப்பீங்கள்? நான் வெண்ணெயிலை, சின்ன நெருப்பிலை வாட்டுவன். கனக்கக் கிண்டினால் உடைஞ்சுபோடும்."

"தூள் போட்டு," என்றாள் மிருணாளினி. இந்த முறை கட்டிப் பிடிக்கிறதில் இரண்டு பேருக்கும் தடுமாற்றம் இருக்கவில்லை.

*

ஞாயிறு காலமை அவள் தானே கடைக்குப் போனாள். லா சப்பலின் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் வாமதேவனின் படத்தோடு அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டெலிபோன் கடையில், இந்தியாவுக்கு மலிவு ரிக்கெற் என்ற விளம்பரத்துக்குப் பக்கத்தில் அவர் கழுத்துப்பட்டியோடு படத்தில் நின்றார். தேங்காய், பழப்புளி, கறிவேப்பிலை, வாழையிலை வாங்கினாள். "அக்கா, நீங்களேன் வந்தனீங்கள், சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பமே," என்றான் கடைக்காரன். "நடக்க வேணும் போலை இருந்தது," என்றாள்.

கௌரி வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியை அவள் பார்க்காத மாதிரிப் பார்த்தாள். நண்டையும் கணவாயையும் எடுத்துக்கொண்டு மற்ற அடுப்புக்குப் போனாள். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தார்கள்.

மிருணாளினி ஒரு மீனைத் துண்டு போட்டு உப்பு, மஞ்சள், தூள் பிரட்டிப் பொரித்தாள். இன்னொன்றை உடனே குழம்பில் போடவில்லை. முதலில் புளியும் தேங்காய்ப்பாலும் நன்றாகக் கொதித்து வற்றட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினாள். துண்டுகள் உடையவில்லை. குழம்புக்குள் இளஞ்சிவப்பு தெரிந்தது.

கௌரி திரும்பிப் பார்த்தாள். மூக்கு அசைந்தது. "மண் மணக்கேல்லை," என்றாள்.

"இல்லை மச்சாள்."

"உப்புப் பாத்தனியே?"

"படைக்க முதல் எப்பிடிப் பாக்கிறது?"

"ஓம், ஓம். பாக்கப்படாது." நண்டுச் சட்டியை ஒருக்கால் கிண்டினாள். "வள்ளத்திலை பயமா இருக்கேல்லையே உனக்கு?"

"முதல் கொஞ்சம். பிறகு நித்திரை கொண்டிட்டன்."

"நித்திரையோ!" கௌரி அவளுடைய முகத்தை முதல் தடவையாக வடிவாகப் பார்த்தாள். பிறகு மூன்றாவது மீனைப் பெட்டியிலிருந்து தானே தூக்கிப் பலகையில் வைத்தாள். "இதை நான் பொரிக்கிறன். அவனுக்கு மொறுமொறுவெண்டு இருக்க வேணும்."

மத்தியானம் பெரிய அறையில் வாழையிலை விரித்தார்கள். சோறு, நண்டு, கணவாய், இறைச்சி. நடுவில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், ஏரி மீன். அதைக் கௌரிதான் நடுவில் வைத்தாள். விளக்கு ஏற்றி, சாம்பிராணி காட்டி, எல்லோரும் வெளியே வந்தார்கள். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் உயிரோடு இருக்கிறவர்கள் அங்கே நிற்கக் கூடாது. ஊரில் முற்றம் இருக்கும். இங்கே வாசல் கதவைச் சாத்தினால் ஐந்தாம் மாடிப் படிக்கட்டுத்தான். பதினைந்து பேர் மேல்படியிலும் கீழ்ப்படியிலுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

யன்னல் இல்லாத படிக்கட்டு. சுவரில் இருந்த பொத்தானை அமத்தினால் விளக்குக் கொஞ்ச நேரம் எரியும், பிறகு தானாக அணைந்துவிடும். அணைய அணைய லக்சிகா அமத்திக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து ஆறாம் மாடிக் கிழவி சாமான் பையோடு மூச்சு வாங்கி ஏறி வந்தாள். கூட்டத்தைக் கண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, கதவுத் திறப்பைத் துலைச்சிட்டீங்களோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை மதாம்," என்றாள் லக்சிகா. "அப்பா சாப்பிடுறார்."

கிழவிக்கு வாமதேவன் செத்தது தெரியும். வெள்ளிக்கிழமை பூக்கொத்துக் கொண்டுவந்து தந்தவள். அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். நிற்கிறவர்களைப் பார்த்தாள். பிறகு சாமான் பையைப் படியில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நின்றாள்.

விளக்கு அணைந்தது. லக்சிகாவின் கை பொத்தானுக்குப் போனது.

"இருக்கட்டும் பிள்ளை," என்றாள் மிருணாளினி.

கதவுக்கு அடியால் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக வந்து, முன்னால் நின்றவர்களின் வெறுங்கால்களில் விழுந்தது. பொரித்த மீனின் வாசம் படிக்கட்டு முழுக்க இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. யாருடைய வயிறோ இரைந்தது. இருட்டுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் கௌரி. "அவன் ஆறுதலாத்தான் சாப்பிடுவான்."